ப்ரீ டிஷ்ஷில் வந்த செண்பகவல்லி

"காப்பி ஆறிப்போகுது, குடிக்கிறவுகள வந்து குடிக்கச் சொல்லு" என்று முத்துத்தாய் எருமையிடம் சொன்னாள். எருமை அசைபோட்டபடி அவளைப் பார்த்தது. நாலடி தள்ளி நின்று கூளத்தை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார் அவள் புருஷன் ராமசுப்பு. சேதி தனக்குத்தான் என்று தெரிந்தும், கொஞ்ச நேரம் எருமையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது தனக்காக ஏதாவது சிபாரிசு செய்யும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். டம்ளரை மூடி வைத்திருந்தாள். சீனி சரியாகத்தான் இருந்தது. கோபம் வந்தால் சீனியைக் குறைக்கிற பழக்கம் முத்துத்தாய்க்குக் கிடையாது; பேச்சைத்தான் குறைப்பாள். இந்தத் தடவை குறைக்கவில்லை, அடியோடு நிறுத்திவிட்டாள். அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் சண்டை வராமல் இல்லை. அதெல்லாம் விடிந்தால் போய்விடுகிற சண்டை. இது அப்படியில்லை. எருமையிடம் சொல்வாள், தண்ணீர்க் குடத்திடம் சொல்வாள், ஒன்றும் கிடைக்காவிட்டால் வானத்தைப் பார்த்து "வெந்நி போட்டிருக்கு, குளிக்கிறவுக குளிக்கலாம்" என்பாள். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. பரளச்சியில் பத்து ஏக்கர் கரிசல்காட்டுக்குச் சொந்தக்காரர், ஊர்க்கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து பேசுகிறவர், தன் வீட்டில் எருமைக்கு அடுத்த இடத்தில் இருந்தார்.

எல்லாம் மாடியில் இருக்கிற அந்த டிவித் தட்டால் வந்தது. உளுந்து மூடையை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனவர், லோடு இறங்கும்வரை சும்மா இருக்க மாட்டாமல் டிஷ் கடை இன்பராஜிடம் பேச்சுக் கொடுத்தார். மாசாமாசம் டிவிக்குப் பணம் கட்டுவது ராமசுப்புவுக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல். வானத்திலிருந்து வருவதற்கு வாடகையா என்பார். இன்பராஜ் சொன்னான், "ப்ரீ டிஷ்ஷுன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ஒருதடவ மாட்டிட்டா ஆயுசுக்கும் ஒரு பைசா கெடையாது." ராமசுப்புவின் காது அந்த இடத்திலேயே அடைத்துக்கொண்டது. "தமிழ்ச் சேனலு கொஞ்சந்தான் வரும், பாதிக்கு மேல இந்தி. வீட்ல நாடகம் பாக்குறாகன்னா ஒரு வார்த்த கேட்டுக்கிருங்க" என்று இன்பராஜ் நியாயமாகத்தான் சொன்னான். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. மறுநாளே இன்பராஜைக் கையோடு கூட்டிவந்து, பழைய பெட்டியைக் கழற்றிக் கொடுத்து, புதுப் பெட்டியை மாட்டி, தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தாயிற்று. முத்துத்தாய் அப்போது காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கலட்சுமி, அவள் மருமகள், மேலத்தெருவிலிருந்து நாலைந்து பேர். எல்லார் வீட்டிலும் டிவி இருக்கிறது. இருந்தாலும் முத்துத்தாய் இரண்டு ஆட்டை விற்று வாங்கிய டிவி பெரியது, அவள் வீட்டுக் கூடமும் பெரியது. அதோடு நாடகத்தில் வருகிற கெட்டவளைத் திட்டுவதற்கு முத்துத்தாயை விட்டால் அந்த ஊரில் ஆள் கிடையாது. காயத்ரி என்கிற மருமகள் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, உண்மையைச் சொல்ல வாயைத் திறந்ததோடு சனிக்கிழமை நின்றிருந்தது. திங்கட்கிழமை முத்துத்தாய் டிவியைப் போட்டால், ஒரு ஆள் மாட்டுக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றி இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் ரிமோட்டை அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். கோர்ட்டையும் காணோம், காயத்ரியையும் காணோம். ஒருத்தி உலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்தாள். ஒருத்திக்குத் திடீரென்று தலைவலி வந்தது. அத்தனை பேரும் நேராகப் போன இடம் அடுத்த தெரு முருகலட்சுமி வீடு என்பது முத்துத்தாய்க்குத் தெரியாதா? ஆளில்லாத பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரலைப் பார்த்தபிறகுதான் தான் செய்தது என்னவென்று ராமசுப்புவுக்கு உறைத்தது.

மறுநாள் காலையிலேயே, "பழைய பெட்டியவே வாங்கியாந்திருவோமா?" என்று கேட்டுப் பார்த்தார். முத்துத்தாய் எருமையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள், "பெட்டியப் பத்தி இங்க யாரும் பேசல. ஒரு வார்த்த கேட்டாகளா? அதுக்கு மொதல்ல பதில் சொல்லச் சொல்லு." விருதுநகரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் சுகப்பிரியா போனில் சமாதானத்துக்கு வந்தாள். "அம்மா, அதே நாடகம் செல்லுல வரும்மா. நான் சொல்லித் தாரேன், நீ பாட்டுக்கு ஒத்தையில ஒக்காந்து பாத்துக்க."

"ஒத்தையில பாக்குறதுக்குப் பேரு நாடகமாடி? நாலு பேரு சேந்து வஞ்சாத்தான்டி அது நாடகம்" என்று முத்துத்தாய் போனை வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் தங்கலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. நாடகம் போனால் போகட்டும் என்று துணைக்கு வந்து உட்கார்ந்தாள். ஏதோ ஒரு சேனலில் வடக்கத்தி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அரண்மனை மாதிரி ஒரு வீடு. முக்காடு போட்ட ஒரு பெண் படியில் நின்று அழுதாள். உடம்பெல்லாம் நகை போட்ட ஒரு கிழவி மேலிருந்து விரலை ஆட்டிக் கத்தினாள். "இவ எதுக்குக்கா இந்தக் கத்துக் கத்துறா?" என்று தங்கலட்சுமி சும்மா கேட்டாள். முத்துத்தாய்க்கும் ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் மாமியார் கத்துவதற்கு அர்த்தம் தெரிய இந்தி எதற்கு? "அதுவா, ஏன்டி செண்பகவல்லி, ஒங்கப்பன் வீட்டுலருந்து கொண்டாந்த அண்டாவுல ஓட்டை இருக்கேன்னு கேக்கா" என்றாள். சொல்லி முடிக்கவும், திரையில் அந்தப் பெண் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து ஏதோ சொன்னாள். முத்துத்தாய் சட்டென்று மெல்லிய குரலில், "அண்டாவுல ஓட்டை இல்லத்தே, நீங்க அள்ளி அள்ளிக் குடிச்சதுல தேஞ்சுபோச்சு" என்றாள். தங்கலட்சுமி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து அவள் மருமகள் பயந்துபோய் ஓடிவந்தாள்.

அவ்வளவுதான். முக்காட்டுப் பெண் செண்பகவல்லி ஆனாள், நகைக் கிழவி கோகிலாம்பாள் ஆனாள், முறுக்கு மீசையோடு திரிகிற புருஷன்காரன் சின்னத்துரை. ராஜஸ்தானோ எங்கோ இருந்த அந்த அரண்மனை நாலே நாளில் திருச்சுழி ரோட்டுக்கு வந்துவிட்டது. கோகிலாம்பாள் ரேசன் கடையில் பாமாயில் போடவில்லை என்று சண்டை பிடித்தாள். குதிரையில் வந்து இறங்கிய மாப்பிள்ளை, காரியாபட்டி பஸ்ஸு வராததால் குதிரையில் வர நேர்ந்தது என்று மன்னிப்புக் கேட்டான். போனவர்களெல்லாம் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் திரும்பி வந்தார்கள். காயத்ரி கோர்ட்டில் என்ன சொன்னாள் என்று கேட்பார் இல்லை. பத்தாம் நாள் முருகலட்சுமியே தன் வீட்டைப் பூட்டிவிட்டு, "எங்க வீட்டு டிவியில இதெல்லாம் வர மாட்டேங்குதே மதினி" என்று வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

ராமசுப்பு இதையெல்லாம் வெளியே ஜன்னல் ஓரத்தில் நின்று கேட்டார். உள்ளே போக முகமில்லை. துண்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கிழவிக்கு ஒரு குரல், குமரிக்கு ஒரு குரல், மீசைக்காரனுக்குக் கட்டைக் குரல். எங்கே வைத்திருந்தாள் இத்தனையையும்? தன்னோடு இத்தனை வருஷமாகப் பேசிய பேச்சில் இதில் கால்வாசிகூட வரவில்லையே என்று நினைத்தார். எண்ணிப் பார்த்தால், அவர் பேசிக்கொண்டிருப்பார், அவள் சரி என்பாள். அதைத்தான் இருவரும் பேச்சென்று நினைத்திருந்தார்கள். தன் பெண்டாட்டி என்று பெருமையாக இருந்தது. அதைப் போய்ச் சொல்லலாம் என்றால், சொன்னாலும் எருமையல்லவா பதில் வாங்கித் தர வேண்டும்.

பதினோராம் நாள் சாயங்காலம், ஜன்னல் பக்கம் கொசு பிடுங்கியதால் வாசல் நிலைப்படிக்கு வந்து நின்றார். திரையில் அரண்மனை மாடி. செண்பகவல்லி முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் சின்னத்துரை தயங்கித் தயங்கி நடந்துவந்தான். முந்தின நாள் கதைப்படி, அவன் செண்பகவல்லி ஆசையாக வளர்த்த பசுவை அவளைக் கேட்காமலே சந்தையில் விற்றுவிட்டான். அந்தப் பசு எந்தப் பெட்டி என்று பாயில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சின்னத்துரை வாயைத் திறந்தான். முத்துத்தாய் குரல் கொடுக்கவில்லை.

"என்னக்கா, சின்னத்துரை என்னமோ சொல்றானே?" என்றாள் தங்கலட்சுமி.

"அவன் என்னைக்குச் சொன்னான், இன்னைக்குச் சொல்ல? அவனுக்கு நான் பேச மாட்டேன். வேணும்னா அவனே பேசட்டும்."

திரையில் சின்னத்துரை கையை விரித்து உருகிக்கொண்டிருந்தான். கேட்க ஆளில்லை. ராமசுப்புவுக்கு என்ன தோன்றியதோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்புத்தான் செண்பகவல்லி" என்றார் நிலைப்படியிலிருந்து. "பசுவ விக்கிறதுக்கு முன்னாடி ஒன்னய ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முருகலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்த கணம் கூடமே சிரித்தது. முத்துத்தாய் மட்டும் திரும்பவில்லை. அவர் அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தார், தயார் பண்ணி வைத்திருந்ததும் அவ்வளவுதான். ஆனால் சின்னத்துரை நிறுத்தவில்லை. அவன் பாட்டுக்கு வாயை அசைத்துக்கொண்டே இருந்தான். "அண்ணே, பேசுறான் பேசுறான், விட்றாதிய!" என்று தங்கலட்சுமி அவசரப்படுத்தினாள்.

"மத்தது என்ன... குதிரை... ஆமா, குதிரையும் கேக்காம வாங்கிட்டேன்" என்று தடுமாறினார். சிரிப்பு இன்னும் கூடியது. சின்னத்துரை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேசினான். ராமசுப்புவின் கையும் தானாக நெஞ்சுக்குப் போனது. "கெணத்து மேட்டுப் புஞ்சய வித்தேன், கேக்கல. ஒரு வருசம் பருத்திய நிறுத்திப்புட்டு மக்காச்சோளம் போட்டேன், கேக்கல. படைப்புழு தின்னுச்சு, அப்பவும் நீ ஒண்ணும் சொல்லல." சின்னத்துரையின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. "சுகப்பிரியாவ விருதுநகர்ல குடுக்கையில ஊருல ஒரு ஆளு விடாமக் கேட்டேன். எங்க அக்காவக் கேட்டேன், சோசியனக் கேட்டேன், டீக்கடையில கேட்டேன். ஒன்னயக் கேக்கல."

செண்பகவல்லிக்கு சுகப்பிரியா என்று மகள் கிடையாது. சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ பாயில் காலை மாற்றி உட்கார்ந்தார்கள். திரையில் சின்னத்துரை வாயை மூடித் தலையைக் குனிந்துகொண்டான், ராமசுப்புவும் குனிந்துகொண்டார். டமடமவென்று மேளம் அடித்தது. செண்பகவல்லி மூன்று முறை திரும்பினாள், மூன்று முறையும் கேமரா அவள் முகத்துக்கு வந்து போனது. இனி அவள் பேச வேண்டும். எல்லார் கண்ணும் முத்துத்தாய் மேல் இருந்தது.

முத்துத்தாய் டிவியைப் பார்க்கவில்லை. பாயில் கையூன்றி, வாசல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏங்க" என்றாள். அது செண்பகவல்லியின் குரல் இல்லை. "சுகப்பிரியாவுக்குப் பேசுன அன்னைக்கு என்னையக் கேட்டிருந்தா, நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியுமா?"

"தெரியாதே" என்றார் ராமசுப்பு. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தார். "சொல்லு."

முத்துத்தாய் ரிமோட்டைக் கீழே வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், சொல்ல ஆரம்பித்தாள். பாயில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், திரை நிறைந்த முகத்தோடு, செண்பகவல்லி கண்ணீர் வழிய எதையோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குரல் கொடுக்க அங்கே ஒருத்தருக்கும் நேரமில்லை.