நான்கு எழுத்துக்கு ஒரு ரூட்டர்

எங்கள் ஊரில் அரிசி, பருப்பு, மருந்துக்கு ரூபாய் செல்லும். ஆசைப்பட்டு வாங்குகிற சாமானுக்கு மட்டும் பெயரிலிருந்து எழுத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அந்த எழுத்தைச் சேர்த்து யாரும் நம்மைக் கூப்பிட முடியாது. முயன்றாலும் நாக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும்.

நான் வெறும் ஆண்டியாக இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவன். மிச்சத்தை நானே சம்பாதித்தேன். லாரி ஷெட்டில் மூட்டை தூக்கி ‘ய’ வந்தது. பழைய இரும்பு வாங்கி விற்று, இரண்டு முறை ஏமாந்து, மூன்றாம் முறை ஏமாற்ற வந்தவனின் சட்டையைப் பிடித்த அன்று ‘ப்ப’ வந்தது. ‘ன்’ வர ஐம்பது வயதாயிற்று. ஆண்டியப்பன் என்ற ஏழெழுத்தில் நான்கு என் சொந்த உழைப்பு.

பக்கத்து வீட்டுக் கோதண்டபாணிக்கு எல்லாம் பிறக்கும்போதே இருந்தது. முதலெழுத்திலேயே இரட்டைக் கொம்பு. கால் வேறு இரண்டு. போதாததற்கு அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று முன்னால் மூன்று இனிஷியல்.

அந்த மூன்று இனிஷியலையும் கொடுத்து அவன் ஒரு ரூட்டர் வாங்கினான். பலகை ஓரத்தை உருட்டவும், பள்ளம் எடுக்கவும், எழுத்துச் செதுக்கவும் ஆகிற மெஷின். சொந்தப் பெயரில் ஒரு கீறல் விழவில்லை அவனுக்கு. தேக்கில் பெயரைச் செதுக்கி வாசலில் மாட்டினான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கொம்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

“அவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்றேன் வீட்டில்.

“முளைச்சுத்தானே இருக்கு. பலகையிலயே போட்டிருக்காரே” என்றாள் என் மனைவி தவமணி.

ஜெபராஜ் அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். மூன்று மெஷின்களை எடுத்து வைத்தார்.

“வாங்க ஆண்டியப்பன். இது ட்ரிம்மர். ஒரு கையில பிடிக்கலாம், ஓரம் உருட்ட இது போதும். ஒரு கால் குடுத்தா சரி.”

என் பெயரில் கால் கிடையாது. ‘ஆ’வின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்றேன். அது சுழி, கால் ஆகாது என்றார்.

“நடுவுல இருக்கிறது உயரம் வச்சா அப்படியே நிக்கும். மூணாவது, மேலேர்ந்து அமுக்கினா பலகை நடுவுலயே நேரா இறங்கும். வேகம் கூட்டலாம், குறைக்கலாம். கால் இன்ச், அரை இன்ச் ரெண்டு பிட்டும், அதான் மரத்தை வெட்டுற அலகு, பிடிக்கும்.”

“கோதண்டபாணி எதை எடுத்தான்?”

“நடு மெஷினை.”

“அப்போ மூணாவதைக் கட்டு.”

நான்கு எழுத்து என்றார். நான் இரண்டில் ஆரம்பித்தேன். குரலை உயர்த்தினேன். கோபித்துக்கொண்டு வாசல்வரை நடந்து, செருப்பையும் மாட்டினேன். யாரும் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ‘யப்பன்’ மொத்தத்தையும் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ‘ன்’னின் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

“சரி ஆண்டி, எழுத்து செதுக்க வி பிட் வேணுமே. அது ரெண்டு எழுத்து.” மரியாதை அதற்குள் குறைந்துவிட்டது.

நான் ‘ண்’ணை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

“இப்ப என் பேரு என்ன?”

“ஆடி.”

“ஆடின்னா கடையில என்ன குடுப்பீங்க?”

அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார். தை மாதம்.

“அதை ஏன்யா பாக்குறே? என்னைப் பாரு!” என்று மேஜையைத் தட்டினேன்.

“தள்ளுபடி” என்றார் மெதுவாக. வி பிட்டைப் பாதிக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் பலகை இல்லை. தவமணியின் தாய்வீட்டுக் கட்டிலில்தான் நல்ல தேக்குத் தலைப்பலகை இருந்தது. நீளமான பலகை.

“தர்றேன். அந்த ‘டி’யைக் குடுங்க.”

“எதுக்குடி?”

“இதுக்குத்தான். இருபத்தெட்டு வருஷமா எம்மேல விழுந்த எழுத்து. இனிமே எங்கிட்டயே இருக்கட்டும்.”

அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டு மூடினாள். என் பெயர் ‘ஆ’ என்று ஆயிற்று. அவள் ஆ. தவமணி என்று கையெழுத்துப் போடும்போது என் முழுப்பெயரும் அதில் வந்துவிடுகிறது.

ஒரே தடவையில் ஆழமாக இறக்கினால் மரம் கருகும். மூன்று தடவையாக ஓட்டி, நீளப் பலகையின் ஆரம்பத்தில் ‘ஆ’ என்று செதுக்கி மாட்டினேன். அதைப் படித்தவர்கள் திறந்த வாயை மூடாமல் நின்றார்கள். தபால்காரர் நின்றார். தண்ணீர் லாரி நின்றது. கோதண்டபாணியும் வந்து படித்தான். அவன் வாய் திறந்ததைப் பார்த்தபோது போன ஆறு எழுத்தும் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அவன் தாடையைக் கையால் தள்ளி மூடிக்கொண்டான்.

“நல்லாத்தான் இருக்கு, ஆ. கொம்புதான் இல்ல.”

நேரே கடைக்குப் போனேன். என் எழுத்தின் சுழியைத் திருகி எடுத்து அண்ணாச்சி முன்னால் போட்டேன். ‘அ’ மிஞ்சியது. சுழிக்கு ஒற்றைக் கொம்பு ஒன்று வரும் என்றார்.

“ஆனா உயிரெழுத்துல கொம்பு நிக்காதே. மெய் வேணுமே.”

“இது மெய் இல்லாம பின்ன என்ன?” என்று நெஞ்சில் அடித்துக் காட்டினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, கொம்பை என் தலையில் பொருத்தி அனுப்பினார்.

வீட்டுக்குள் நுழையும்போது கொம்பு வாசல் நிலையில் இடித்தது. மெஷினோடு வந்த அரை இன்ச் பிட்டை மாட்டி, மேல்நிலையில் கொம்பு போய்வர ஒரு பள்ளம் எடுத்தேன். மரத்தூளில் பசை குழைத்துப் பலகையில் இருந்த சுழியை அடைத்தேன். கோதண்டபாணி காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டி என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் டேப் இருந்தது. தன் வீட்டு நிலையை அளந்துவிட்டு வந்திருக்கிறான்.

“ஏங்க அ, அது எத்தனை இன்ச் பிட்?”

“ஒரு எழுத்து குடு. சொல்றேன்.”

“புள்ளி எழுத்தா ஒண்ணு தர்றேனே.”

“அதெல்லாம் இங்க செல்லாது.”

செருப்பை மாட்டிக்கொண்டு தன் வாசல்வரை நடந்தான். நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்து ‘ணி’யைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தான். அரை இன்ச் என்று சொல்லி அனுப்பினேன்.

பலகையில் இடம் நிறைய இருந்தது. அன்றைக்கே ‘ணி’யையும் செதுக்கிச் சேர்த்தேன். இப்போது என் பெயர் அணி. தெருவில் போகிறவர்கள் அதைப் படிக்க முதலில் வாயைத் திறந்து, பிறகு பல்லைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கோதண்டபா மட்டும் காலையில் கதவைத் திறந்ததும் குனிந்துகொண்டே வெளியே வருகிறான். அண்ணாச்சியிடம் சொல்லிவைத்த கொம்பு அவன் தலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.