நடாலியின் தேயிலைச் சரைகள்

“மணம் தெரியாத ஆளுக்கு மணம் கெட்ட தேயிலையைக் குடுத்தால் அது பிழையோ, அம்மா?”

நிருபமா இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. தாய் தேனுஜா அப்போதுதான் தொலைபேசியை வைத்திருந்தாள். அவள் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, “முதல்ல பாண் துண்டைச் சாப்பிடு” என்றாள்.

நடந்தது இதுதான். ஜேர்மனியின் ஹம் நகரில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு நேர் மேல்மாடியில் நடாலி இருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, தனி ஆள். இரண்டு வருடத்துக்கு முன் கொரோனா வந்து போகையில் அவளுடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. ரோசாவும் ஒன்றுதான், குப்பைத் தொட்டியும் ஒன்றுதான். மூக்கைத் திரும்பப் பழக்குகிற சிகிச்சைக்காக மூன்று கிழமை வெளியூர் மருத்துவ இல்லம் ஒன்றுக்குப் போகும்போது வீட்டுச் சாவியைத் தேனுஜாவிடம் கொடுத்தாள். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடவேண்டும். தைவானிலிருந்து ஒரு பெட்டி வரும், வாங்கி வைக்கவேண்டும். அவ்வளவுதான்.

பெட்டி வந்தது. தேனுஜா அதைப் பத்திரமாகத் தன் வீட்டுச் சாமான் அறையில் வைத்தாள். அதே கிழமை அம்மன் கோவில் திருவிழா அன்னதானத்துக்கென்று ஒன்பது கிலோ கறித்தூள் வறுத்து இடித்து, அதையும் அங்கேயே அடுக்கினாள். மல்லியும் பெருஞ்சீரகமும் மிளகாயும் சேர்ந்த அந்த வாசத்தில் கட்டடமே தும்மியது. தேயிலையும் மிளகாய்த்தூளும் ஒரே தட்டில் இருக்கும் கடைகளில் சாமான் வாங்கி வளர்ந்தவளுக்கு அதில் பிழையொன்றும் தெரியவில்லை.

பத்தாம் நாள் நடாலி தொலைபேசியில் அழைத்தாள்.

“பெட்டியைத் திறந்து பாரேன். நாலு பொட்டலம் இருக்கும். ஒன்று உங்களுக்கு. ஊற்றிக் குடித்துவிட்டு எப்படி மணக்கிறது என்று சொல். எனக்குப் பதிலாக நீ முகர்ந்து பார்.”

உள்ளே தகரமும் இல்லை, பொலித்தீனும் இல்லை. வெள்ளைக் காகிதத்தில் சதுரமாக மடித்துச் சிவப்பு முத்திரை குத்திய நாலு சரைகள். இது பௌசோங் என்ற ஊலோங் தேயிலை வகை, முன்பெல்லாம் இப்படித்தான் காகிதத்தில் பொதிந்து விற்றார்கள், இன்னும் அப்படியே மடித்துத் தரும் ஒரு தோட்டக்காரரிடம் வாங்குகிறேன் என்று நடாலி பெருமையாகச் சொன்னாள். இலைகள் கரும்பச்சையாய், முறுக்கிவிட்ட நூல்போல நீளமாய்க் கிடந்தன. வெந்நீரை ஊற்றினால் சாயமே ஏறவில்லை. இளம் மஞ்சளாய், கோப்பையின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாய் இருந்தது. இதுவும் ஒரு தேத்தண்ணியோ என்று தேனுஜா அதிசயப்பட்டு முகர்ந்தாள்.

வறுத்த மல்லி. பெருஞ்சீரகம். செத்தல் மிளகாய். எல்லாவற்றுக்கும் பின்னால், எங்கோ தூரத்தில், ஒரு பூ.

“என்ன மணக்கிறது?” என்றாள் நடாலி.

தேனுஜா கோப்பையைக் கீழே வைத்தாள். “பூ மாதிரி... நல்ல மணம்.”

“ஆம், பூதான்!” நடாலி சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள்.

பக்கத்தில் நின்று கோப்பையையும் தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பிள்ளைதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மாலையில் வேலையால் வந்த ரஜிதன் ஒரு மிடறு குடித்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.

“இது தேத்தண்ணியோ, ரசமோ? கொஞ்சம் உப்புப் போட்டால் சோத்துக்கு விடலாம்.”

“பகிடி விடாதேங்கோ. அவவின்ர சாமான் முழுக்கப் பழுதாப் போச்சு.”

“அவவுக்குத்தானே மணம் தெரியாது. நீர் ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறீர்?”

“அவவுக்குத் தெரியாது. அதுதானப்பா எனக்குக் கரைச்சலாக் கிடக்கு.”

தெரிந்தவருக்குப் பிழை செய்தால் அவர் ஏசுவார், கணக்குத் தீர்ந்துவிடும். தெரியாதவருக்குச் செய்த பிழையை யார் கேட்பது? விளக்கேற்றி அம்மன் படத்தின் முன் நின்றபோது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து நடாலியின் குரல்பதிவு வந்தது. “தேனுஜா, இன்று கோப்பி எரிந்த ரப்பர்போல மணத்தது! டாக்டருக்கு ஒரே சந்தோசம். நரம்பு துளிர்க்கிறதாம். முதலில் எல்லாம் கோணலாகத்தான் வருமாம். வீட்டுக்கு வந்து என் தேயிலையை முகர்ந்து பார்க்கவேண்டும். அது எப்படி மணக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது சரியாக வந்தால் நான் தப்பிவிட்டேன்.”

தேனுஜா அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டாள். நடாலி ஆசையாய்ச் சரையைத் திறப்பாள். மிளகாய் மணக்கும். என் மூக்கு இனித் திருந்தாது என்று நம்பிவிடுவாள். தேனுஜா அப்போதே அவளை அழைத்தாள்.

“நான் உன்னிடம் பொய் சொன்னேன். உன் தேயிலை எங்கள் கறித்தூள் மணக்கிறது.”



“நல்லவேளை சொன்னாய்” என்றாள் நடாலி மெதுவாக. “நான் என் மூக்கைத்தான் பழித்திருப்பேன். பரவாயில்லை. என் சமையலறைத் தேயிலைத் தகரத்தில் பழசு இரண்டு கரண்டி கிடக்கும். வசந்தத்தில் புதுசு வரும்வரை சமாளிப்பேன். நீ ஒன்றும் வாங்கக்கூடாது. சத்தியம் செய்.”

தேனுஜா பூச்சாடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

மூன்றாம் கிழமைச் சனிக்கிழமை ஒரு சரையைப் பைக்குள் வைத்துக்கொண்டு டுசல்டோர்ஃபுக்கு ரயில் ஏறினாள். நாலு தேயிலைக் கடையில் கையை விரித்தார்கள். ஐந்தாவது கடைக்காரி தைவான்காரி, இவள் வயதுதான் இருக்கும். சரையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனவள் பெரிதாய் ஒரு தும்மல் போட்டாள்.

“இதை எங்கே வைத்திருந்தாய்? வாணலிக்குள்ளேயா?”

வெட்கத்தோடு தேனுஜா எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்காரி தலையாட்டினாள். “இந்த இலைக்குச் சூதுவாது தெரியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மணத்தை வாங்கிக்கொள்ளும்.”

“உங்கள் தேயிலை பச்சையும் இல்லை, எங்கள் தேயிலைபோலக் கறுப்பும் இல்லை. அது எப்படி?”

“பறித்து வாடவிட்டு மெல்ல மெல்லக் குலுக்குவோம். ஓரம் நசுங்கிச் சிவக்கத் தொடங்கும். பச்சை வாடை போய்ப் பூ மணம் எழும்பும். அந்த நேரத்தில் சூடு காட்டி நிறுத்திவிடவேண்டும். முந்தினால் புல், பிந்தினால் பழம்.”

“போதும் என்று யார் சொல்வது?”

கடைக்காரி தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். பிறகு அதே பௌசோங் இருந்த தகரப் பேணி ஒன்றைத் திறந்து இவள் பக்கம் நீட்டினாள். கோவிலில் தூரத்தில் எங்கோ ஒருத்தி மல்லிகை சூடி நடந்துபோனதுபோல, வந்ததா வரவில்லையா என்று தெரியாத ஒரு வாசம். தேனுஜா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தாள். நடாலி இரண்டு வருடமாய்த் தேடியது இதைத்தானா?

மறுநாள் மாலை நடாலி வரவிருந்தாள். அன்று காலையிலிருந்து தேனுஜா அடுப்பில் எதையும் தாளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய்ப் பாணும் சீஸுமோ என்று ரஜிதன் முணுமுணுத்தான். அவள் தலைமுழுகி, தோய்த்து உலர்ந்த சட்டையை மாற்றிக்கொண்டாள். தகப்பனும் மகளும் சைக்கிளில் வெளியே போனபின் தனியே மேலே ஏறினாள்.

நடாலியின் சமையலறை அமைதியாக இருந்தது. தேயிலைத் தகரத்தின் அடியில் பழைய இலை இரண்டு கரண்டி கிடந்தது. அதை ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டு, டுசல்டோர்ஃபிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்தாள். விரல் படாமல், இலை நொறுங்காமல், பையைச் சாய்த்து மெதுவாகத் தகரத்துக்குள் சரித்தாள். புதுசு தெரியாதபடி பழசை மேலே பரப்பினாள். வெறும் பையை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டாள்.

மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். பிறகு பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட்டாள்.