ரஞ்சன்குடியிலிருந்து வைரக்கண்ணு எழுதுவது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நான் சொல்வது அந்த மாதிரிப் பொய் இல்லை. இன்லேண்ட் லெட்டரில் எழுதி, மடித்து ஒட்டி, தபால் பெட்டியில் போட்ட பொய்.

என் மனைவி சிந்து பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் ராக் இசை நிகழ்ச்சி நடத்தினாள். சனிக்கிழமை காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. பெயர் 'ஆறு கம்பி'. பாட்டுப் போடுவாள், கிடார் வாசிப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசுவாள், நேயர்களுக்குப் பதில் சொல்வாள். ஏழு வருடம். போன வருடம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் இல்லை.

(மேலே உள்ள பத்தியை ஒன்பது முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது என்ன துணி என்று சொல்ல வருகிறது. என் சட்டை. கதைக்குத் தேவையில்லை என்று விட்டிருக்கிறேன்.)

நான் அரங்கநாதன். பெரம்பலூருக்கும் குரும்பலூருக்கும் நடுவே ஒரு சின்னத் தபால் நிலையத்தில் எழுத்தர். கடிதங்களுக்கு முத்திரை குத்துவதில் இருபத்திரண்டு வருட அனுபவம். கதை எழுதுவதில் இதுதான் முதல்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ரஞ்சன்குடிக் கோட்டையின் உச்சியில் நின்று வைரக்கண்ணு ரேடியோவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கீழே ஆடுகள்

அதோடு விட்டுவிட்டேன். வைரக்கண்ணு என்று ஒருவர் இல்லை. அவரை நான்தான் உண்டாக்கினேன். உண்டாக்கின காரணத்தைச் சொல்லாமல் அவரைக் கோட்டை மேல் நிற்க வைப்பது நியாயமாகப் படவில்லை.

நிகழ்ச்சி தொடங்கிய புதிதில் யாரும் எழுதவில்லை. போன் ஒன்றிரண்டு வரும். குரும்பலூரிலிருந்து ஒரு அம்மாள் கேட்டது நினைவிருக்கிறது.

"ஏம்மா, அந்தாளு ஏன் அப்புடிக் கத்துறான்? ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தாங்க இருக்கு. பாக்குற வேல புடிக்கலங்குறாரு."

"அதுக்கா இம்புட்டு? எங்க வூட்டுக்காரரு சத்தமில்லாம வேலைலேர்ந்து நின்னுட்டாரு."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் போனும் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிந்து சொன்னாள்: "யாருமில்லாத வூட்டுல பேசுற மாதிரி இருக்குங்க. இன்னும் நாலு வாரம் பாக்குறேன். அப்புறம் விட்டுர்றேன்."

மறுநாள் ஆபீசில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு இன்லேண்ட் வாங்கி, இடது கையால் எழுதினேன்.*

'அம்மா, நான் ரஞ்சன்குடியில் ஆடு மேய்ப்பவன். உங்க ஸ்டேஷன் எங்க ஊரில் கீழே எடுக்காது, கோட்டை மேலே ஏறினால் எடுக்கும். போன வாரம் ஒரு பாட்டு நடுவில் கிடார் மட்டும் தனியாக வந்தது. அந்த ஆள் மேலே ஏறி ஒரே சுரத்தில் வெகுநேரம் நின்றார். ஏன் இறங்கவில்லை? இப்படிக்கு, வைரக்கண்ணு.'

அந்தக் கடிதத்துக்கு அவள் வானொலியில் நாலு நிமிடம் பதில் சொன்னாள். கடைசியில் சொன்னது: "எறங்கத் தெரியாம இல்லைங்க வைரக்கண்ணு ஐயா. எறங்கிட்டா பாட்டு முடிஞ்சிரும்னு அவருக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏங்க, ரஞ்சன்குடிலேர்ந்து ஒரு பெரியவரு எழுதியிருக்காருங்க" என்றாள்.

"அந்தச் சத்தத்தையா கேக்குறாரு?" என்றேன்.

* வைரக்கண்ணுவின் எழுத்து கோணலாக இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

3

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "அந்தச் சத்தத்தையா" என்று ஒருமுறை சொன்னால் போதாது. நான் நிகழ்ச்சியைக் கேட்கிறேன் என்று தெரிந்தால் கடிதம் யாருடையது என்றும் தெரிந்துவிடும். அதனால் வாராவாரம் சொல்ல வேண்டியிருந்தது. "நமக்கு அது ஒத்துக்காதும்மா." "சனிக்கிழமை ஆபீசுல எங்க நேரம்?" ஏழு வருடத்தில் ஒருமுறைகூட என் மனைவியிடம், இன்று நன்றாகப் பேசினாய் என்று சொன்னதில்லை. எல்லாவற்றையும் வைரக்கண்ணு சொன்னார். அறுபத்து நாலு கடிதம்.

போனில் எஃப்.எம். வைத்து, இயர்போனை ஒரு காதில் மட்டும் செருகிக் கவுன்டரில் உட்கார்ந்து கேட்பேன். சனிக்கிழமை பதினொன்றரை வரை தலை தூக்க முடியாது. பெட்டியிலிருந்து எடுத்தவற்றுக்கு முத்திரை குத்தி, பிரித்துக் கட்டி, தபால் பையில் போட்டு, வாய் கட்டி, அரக்கு வைத்து, வண்டி வந்ததும் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த அவசரத்தை வீட்டில் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். முதல் வருடம் வைரக்கண்ணுவுக்கான பதில்கள் அந்த நேரத்தில் வந்து, பாதிக்குமேல் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு நல்லவேளையாக, பை போன பிறகே வந்தன.

ஆடு மேய்ப்பவர் ராக் கிடார் கேட்பாரா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. இரண்டாவது வருடம் அவரை ஓய்வுபெற்ற ஆசிரியராக மாற்றலாமா என்று யோசித்தேன். ஆனால் அதற்குள் அவர் என்னைவிடத் தைரியமானவராக ஆகிவிட்டிருந்தார். பிடிக்காத பாட்டைப் பிடிக்கவில்லை என்று எழுதினார். 'நீங்கள் சிரிக்கும்போது மைக்கை விட்டுத் தள்ளிப் போகிறீர்கள், போகாதீர்கள்' என்றுகூட ஒருமுறை எழுதிவிட்டார். நான் எழுதியிருக்கமாட்டேன்.

4

அவள் பேட்டி எடுத்த கிடார்காரர்களில் ஒருவரையாவது நீங்கள் கேட்க வேண்டும். ஜெயசீலன், ஆலத்தியூர்க்காரர். சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிடார் வாசிக்கிறார். அரியலூர் வந்து பஸ் மாறி வந்திருந்தார்.

"மூட்ட தூக்குன கைக்குக் கிடாரு கேக்குமா?"

"கேக்காதுக்கா. கம்பி இருக்கா இல்லையான்னே வெரலுக்குத் தெரியாது. அரைமணி நேரம் வெந்நீல வெச்சாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

"கோயில்ல ராக் வாசிக்க விடுறாங்களா?"

"ஃபாதருக்கு அது ராக்னு தெரியாதுக்கா."

"இப்பத் தெரிஞ்சிருக்குமே."

"எங்கூர்ல ஒங்க ஸ்டேஷன் எடுக்காது. அந்தத் தைரியத்துலதான் வந்தேன்."

சிந்து சிரித்தது மைக்கை விட்டுத் தள்ளிப் போகாமல் கேட்டது. வைரக்கண்ணு சொன்னதைக் கேட்டிருந்தாள்.

5

இந்த ஆவணியில் வானொலி நிலையத்தின் பொறுப்பாளர் வெற்றிச்செல்வி போன் செய்தார்.

"சார், அக்காவுக்கு ஒரு வருஷ நினைவு நிகழ்ச்சி. அதே சனிக்கிழமை, அதே நேரம். ஜெயசீலன் வாசிக்க வராரு. அந்த ரஞ்சன்குடிப் பெரியவரையும் கூட்டிட்டு வந்தா நல்லாருக்கும். லெட்டர்ல வெறும் ஊருதான் இருக்கு. நீங்க போஸ்ட் ஆபீசுதான, கண்டுபுடிச்சிரலாம்ல?"

"பாக்குறேம்மா" என்றேன்.

இங்கிருந்து கதைக்கு மூன்று வழி இருந்தது.

(அ) வைரக்கண்ணு தவறிவிட்டார் என்று சொல்வது. ஒரு வரி போதும். எழுதிப் பார்த்தேன்: 'பெரியவர் போன மாதம்' அதற்குமேல் கை போகவில்லை. ஒரு சாவு போதும்.

(ஆ) யாராவது ஒரு பெரியவரை வைரக்கண்ணுவாகக் கூட்டிப் போவது. இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சன்குடிக்கு பஸ் ஏறினேன். ஆள் தேடுவதற்கு முன் கோட்டை மேல் ஏறி, போனில் ஸ்டேஷனை வைத்தேன். எடுக்கவில்லை. வெறும் இரைச்சல். நாலு மூலையிலும் நின்று பார்த்தேன். ஏழு வருடமாக வைரக்கண்ணு, கேட்கவே முடியாத ஒரு நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறார்.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டேஷன் எவ்வளவு தூரம் எடுக்கும் என்று நிலையத்தில் இருக்கிறவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தால், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாள். தெரியாமல் நம்பியிருந்தால், தன் புருஷன் ஒருநாளும் தன்னைக் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள். இரண்டில் எதுவும் எனக்கு வேண்டாம். நான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

(இ) போய் உண்மையைச் சொல்வது.

6

மூன்றில் எது என்று முடிவு செய்யாமலே சனிக்கிழமை பத்து மணிக்கு நிலையத்துக்குப் போனேன்.

வெற்றிச்செல்வி ஒரு கட்டுக் கடிதத்தை என் கையில் கொடுத்தார். மேலே ஒன்று பிரிக்காமலே இருந்தது. "இது அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்ப வந்தது சார். பிரிக்க மனசு வரல."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தது அதை இல்லை, முத்திரையை. எங்கள் தபால் நிலையத்தின் பெயர், வட்டமாக, தெளிவாக. நான் குத்தியது. கட்டைப் புரட்டினேன். அறுபத்து நாலிலும் அதே முத்திரை. ரஞ்சன்குடியில் போடும் கடிதம் எங்கள் ஆபீசுக்கு வரவே வராது. முத்திரை குத்துகிறவன் மட்டும்தான் இந்தத் தவறைச் செய்வான்: கை தானாகக் குத்துகிறது, கண் பார்ப்பதில்லை. தபால்காரன் பெண்டாட்டி பார்த்திருப்பாளா?

ஜெயசீலன் மூலையில் கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் வந்தன்னிக்கு அந்தப் பெரியவரு லெட்டரு ஒண்ணு வந்துச்சு. அக்கா திருப்பித் திருப்பிப் பாத்துட்டுச் சிரிச்சுச்சு."

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'ஆடு மேய்க்கிறவருக்குக் கையெழுத்து ரொம்ப மோசம்'னுச்சு."

இது போதுமா? எனக்குப் போதவில்லை. உங்களுக்கும் போதாது என்று நினைக்கிறேன். கையெழுத்து உண்மையிலேயே மோசம்.

அப்போது வெற்றிச்செல்வி ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். எத்தனை மணிக்கு எது என்று வாராவாரம் சிந்து எழுதிவைக்கும் நிகழ்ச்சித் தாள்கள். "அக்கா எப்புடிப் பண்ணுவாங்களோ அப்புடியே பண்ணணும்னு பாக்குறோம். ஒண்ணு மட்டும் எங்களுக்குப் புரியல சார்."

முதல் வருடத்துத் தாள்களில் வைரக்கண்ணுவுக்குப் பதில் 11.10, 11.25, 11.15 என்று மாறி மாறி இருந்தது. இரண்டாம் வருடம் தை மாதத்திலிருந்து ஒரே நேரம். அவள் கையெழுத்தில், ஒவ்வொரு தாளிலும்:

'வைரக்கண்ணு – 11.40. பை போனப்புறம்.'

"என்ன பை சார் இது? இங்க எந்தப் பையும் வராதே?"

"குடிக்கத் தண்ணி இருக்காம்மா?" என்றேன்.

7

பதினொன்று நாற்பதுக்கு, மைக் திறந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பிரிக்காத கடிதத்தைப் பிரித்து என்னையே படிக்கச் சொன்னார்கள். படித்தேன். என் இடது கை எழுத்தைப் படிக்க எனக்கே சிரமமாக இருந்தது.

'அம்மா, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. உங்கள் வீட்டில் யாராவது உங்கள் நிகழ்ச்சியைக் கேட்கிறார்களா? இப்படிக்கு, வைரக்கண்ணு.'

"அக்கா இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பாங்க? நீங்க சொல்லுங்க சார்" என்றார் வெற்றிச்செல்வி.

ஜெயசீலன் எனக்காக ஒரு கம்பியை மீட்டி, அந்த ஒரே சுரத்தில் நின்றார். இறங்கவில்லை.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நாலு விதமாக எழுதிப் பார்த்து, நாலையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் அழுதேன், அது நடக்கவில்லை. ஒன்றில் வைரக்கண்ணுவை உயிரோடு கோட்டை மேலேயே விட்டுவிட்டு

அன்று காலை பெரம்பலூரிலும் குரும்பலூரிலும் ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு முடிவு தெரியும். ஸ்டேஷன் எடுக்காத ஊரில் இருப்பவர்கள் உங்கள் முடிவை எழுதி எனக்கு அனுப்புங்கள். இன்லேண்ட் போதும். எந்தப் பெயரில் வேண்டுமானாலும் எழுதுங்கள். எங்கிருந்து வந்தது என்று முத்திரையைப் பார்த்துக்கொள்கிறேன்.