எறும்புக்குக் கடிவாளம்

எங்கள் வீட்டில் நான், என் கணவர், மகள் சுண்டு, அப்புறம் எறும்பு. எறும்பு என்பது பைக். பிள்ளைகள் மண் பாதையில் ஓட்டிப் பந்தயம் விடுகிற குட்டி பைக். என் இடுப்பு உயரத்துக்குக்கூட வராது. ஆனால் வீட்டில் அதற்கு நடக்கிற உபசாரம் எனக்கு நடந்ததில்லை.

என் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. அங்கே நாள் முழுவதும் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, கை கழுவாமல் எறும்போடு உட்கார்ந்துவிடுவார். பின் சக்கரத்துப் பல்சக்கரத்தை அவரே கடைந்து மாற்றினார். சுண்டு வளர வளர ஹேண்டில்பாரை உயர்த்தினார். கால் வைக்கும் இடத்தை அகலப்படுத்தி, வழுக்காமல் இருக்கப் பல் வெட்டினார். மேடு குதித்து இறங்கும்போது பிள்ளையின் முதுகு நோகிறது என்று ஸ்பிரிங்கை நான்கு முறை மாற்றினார். ஒருமுறை என் முதுகு நோகிறது என்றேன். சுடுதண்ணீர் போட்டுக் குளிக்கச் சொன்னார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நட்டை முறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். நட்டு அசைந்தால் கோடு உடையும். கோடு நேராக இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம், அந்த நட்டைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். நகப்பூச்சு என்னுடையது. சிவப்புக் குப்பி கருவிப் பெட்டிக்குள் போய்ப் பல காலம் ஆகிறது. என் நகத்துக்கு இல்லாத கொடுப்பினை அந்த நட்டுகளுக்கு இருந்தது.

போன சீசனில் பந்தயத் திடலின் பெரிய மேட்டில் சுண்டு விழுந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு அழகாகக் கூடிவிட்டது என்றார் டாக்டர். அன்றைக்கே எறும்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"போதும்டி, இறங்கு" என்றேன்.

"விழாத புள்ள உலகத்துல உண்டா? இது புலிம்மா, புலி" என்று குறுக்கே வந்தார் அவர். வீட்டில் இரண்டு ஓட்டு அவர்கள் பக்கம். நான் தோற்றேன்.

தோற்றேன் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். எறும்பின் ஆக்ஸிலேட்டர் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்காக வைத்தது. அதை உள்ளே முறுக்கினால் ஆக்ஸிலேட்டர் முழுவதும் திரும்பாமல் வழியிலேயே நின்றுவிடும், வண்டி அந்த வேகத்துக்கு மேல் போகாது. சுண்டு பழகி முடித்ததுமே அவர் அதை முழுக்க வெளிப்பக்கமாகத் தளர்த்தி வைத்துவிட்டார். நான் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவோடு குடும்பம் நடத்துகிறவள். சீசனின் முதல் பந்தயத்தன்று காலை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை அரைச் சுற்று உள்ளே முறுக்கினேன். பழைய கோட்டைத் துடைத்து, புதுக் கோடு இழுத்தேன். அரைச் சுற்று யாருக்குத் தெரியப் போகிறது? அடுத்த பந்தயத்துக்கு இன்னொரு அரை. அதற்கு அடுத்ததற்கும்.

எப்போதும் முன்னால் ஓடுகிறவள் முதல் பந்தயத்தில் நடுவில் வந்தாள். அடுத்ததில் இன்னும் பின்னால். மூன்றாவதில் கடைசி. எனக்கே திக்கென்றது. நான் முறுக்கிய அளவுக்கு இவ்வளவு வேகம் குறைய வாய்ப்பில்லையே! அவரோ பித்துப் பிடித்தவர்போல ஆனார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்கை மாற்றினார். கிளட்சைப் பிரித்தார். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். கோடு நேராக இருந்த ஒரே காரணத்தால் அந்த ஸ்க்ரூ பக்கம் மட்டும் அவர் கண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானும் வாயைத் திறக்கவில்லை. விழாமல் வீடு வந்து சேர்கிறாளே, கடைசியில் வந்தால் என்ன குடி முழுகிவிட்டது?

நான்காவது பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், சுண்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்தபோது டாக்டர் கொடுத்த பந்து அது. எப்போதோ தூக்கிப் போட்டதை மறுபடி தேடி எடுத்திருக்கிறாள்.

"நாளையோட நான் நிறுத்திக்கறேம்மா" என்றாள்.

"ஏன்டி?"

"கை திரும்ப மாட்டேங்குது. முழுசா திருப்பணும்னுதான் நினைக்கறேன். பாதியிலயே நின்னுடுது." பந்தை அமுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதே. பாவம், பைக்குல கோளாறுன்னு தேடிட்டு இருக்காரு. கோளாறு என் கையிலதான். நான் பயப்படல, ஆனா கை பயப்படுது."

அவள் தலையைத் தடவிவிட்டு நேராக எறும்பு நிற்கிற கொட்டகைக்குப் போனேன். கணவர் எஞ்சின் ஆயில் வாங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் மூன்று அரைச் சுற்றையும் திறந்துவிட வேண்டும்.

இத்தனை நாள் அவசரத்தில் போடாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஸ்க்ரூவின் மேல் கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பு. போன பந்தயத்தன்று சிவப்புக் குப்பி கைக்கு அகப்படாமல், என் கைப்பையில் இருந்த மெரூனால் அல்லவா கோடு போட்டேன்? அவர் கண்ணுக்கு எல்லாம் சிவப்புதான் என்ற தைரியத்தில் செய்தது. இது மெரூன் இல்லை. கோடும் என் கோடு இல்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோலத் தடியாக இருந்தது. சரி, மனிதர் கண்டுபிடித்துத் திறந்துவிட்டார் என்று நினைத்து ஸ்க்ரூவைத் தொட்டேன். நான் விட்ட இடத்தைவிட அது இன்னும் உள்ளே போயிருந்தது.

ஆயில் டப்பாவோடு அவர் உள்ளே வந்தார்.

"ஏங்க, இந்த ஸ்க்ரூவைத் தொட்டீங்களா?"

"எந்த ஸ்க்ரூ?" என்று கூரையைப் பார்த்தார். பொய் சொல்லும்போதெல்லாம் கூரையைப் பார்ப்பார். எங்கள் கூரையில் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை.

"திறந்தீங்களா, மூடினீங்களா?"

டப்பாவைக் கீழே வைத்தார். "மூடினேன். திடல்ல, பந்தயம் தொடங்கறதுக்கு முன்னாடி. ஒவ்வொரு தடவையும் அரை சுத்துதான். அதுக்கு இவ்ளோ ஸ்பீடு குறையாது. அதான் எஞ்சினைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன்."

"புலின்னீங்க?"

"புலிக்கு அப்பனா இருக்கறது லேசுன்னு நினைச்சியா?" என்றார். "அவ விழுந்தப்ப கேட்ட சத்தம் இன்னும் காதுலயே இருக்கு."

இத்தனை நாளும் இந்த மனிதருக்குப் பயமே கிடையாது என்று நினைத்து அவர்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். "நானும் அரை சுத்து, ஒவ்வொரு தடவையும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஸ்க்ரூவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "கோடு நேரா இருந்துச்சேடி!"

"உங்க கோடும் நேராத்தான் இருந்துச்சு."

தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. சுண்டு சொன்னதை அழுதுகொண்டே சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. எழுந்து வாசலுக்குப் போய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நடந்ததை நான்தான் சொன்னேன்.

சுண்டு ஆக்ஸிலேட்டரைத் திருப்பிப் பார்த்தாள். பாதியில் டக்கென்று நின்றது.

"அப்போ என் கை?"

"உன் கைக்கு ஒண்ணும் இல்லடி கண்ணு. பயந்தது நாங்கதான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "எத்தனை நாளா இந்தப் பந்தை அமுக்கிட்டு இருக்கேன் தெரியுமா!" என்று அதை வீசினாள். அது அவர் நெற்றியில் பட்டது. அவர் விலகவில்லை. அடுத்து எனக்குத்தான் என்று நின்றேன், ஆனால் இருந்தது ஒரே பந்து.

பிறகு ஸ்பேனரையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்தாள். நாங்கள் உதவப் போனோம், முழங்கையால் தள்ளினாள். ஸ்க்ரூவை முழுக்க வெளியே கொண்டுவந்தாள். ஆக்ஸிலேட்டரைத் திருப்பினாள். முழுவதும் திரும்பியது. விட்டுவிட்டு மறுபடி திருப்பினாள். மறுபடியும். தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு திருப்பித் திருப்பி, கடைசியில் தேம்பி அழுதாள். அவளை நாங்கள் இருவரும் சேர்த்துக் கட்டிக்கொண்டோம். கொட்டகை முழுக்க ஆயில் வாடை.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூவை மறுபடி உள்ளே முறுக்கினாள்.

"ஏன்டி மூடற?"

"ஒரே ஒரு சுத்து" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும். ஆளுக்கு அரை. இதுக்கு மேல கேக்கக் கூடாது."

உள்ளே ஓடித் தன்னுடைய பச்சை நகப்பூச்சைக் கொண்டுவந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்க்ரூவின் மேல் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தாள். "அப்பாவுக்கும் பச்சை தெரியும்ல?" என்று கேட்டாள்.

மறுநாள் திடலில் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். கொடி இறங்கியதும் எறும்பு கூட்டத்தின் நடுவிலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. அந்தப் பெரிய மேடு நெருங்கியபோது பக்கத்தில் திரும்பினேன். என் கணவரின் வலது கை காற்றில் இல்லாத ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டிருந்தது.

அந்தக் கையைப் பிடித்து மெல்லத் திறந்துவிட்டேன்.