தீர்மானத்துக்கு ஒரு விதவை

"பார்டர் வச்ச சேலை வேணாம், பூவம்மா. சுத்த வெள்ளையா ஒண்ணு கட்டிக்கிட்டு வா. பாக்குறவங்களுக்கு மனசு எளகணும் லா."

வேலாயுதம் கண்ணாடி முன் நின்று சட்டைக்குப் பித்தான் போட்டபடியே சொன்னார். அவர் கடைக்குக் கிளம்பும்போது தம்பி மனைவி பூவம்மா எதிரே வந்துவிட்டால், திரும்பி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டுத்தான் படியிறங்குவார். தம்பி செத்ததிலிருந்து அதுதான் வழக்கம். இன்றைக்கு மட்டும் அவளுக்காகவே காத்திருந்தார். பொதுச்சேவை என்று வந்துவிட்டால் சகுனம் பார்க்க முடியுமா?

விஷயம் இதுதான். தேக்கா மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அவர் மனைவி லட்சுமியின் கழுத்திலிருந்து ரெட்டைவடச் சங்கிலியை ஒருவன் கத்தியைக் காட்டிப் பறித்துக்கொண்டு ஓடினான். போலீஸ் பிடித்துவிட்டது. கோர்ட்டில் இரண்டு வருஷம் போட்டார்கள். சங்கிலி ஸ்டேஷனில் இருக்கிறது. திங்கட்கிழமை போய் வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் வேலாயுதத்துக்கு ஆறவில்லை. வழிப்பறிக்கு இரண்டு வருஷமா? சட்டத்தையே மாற்ற வேண்டும், பிரம்படியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சிராங்கூன் ரோட்டு வியாபாரிகளைத் திரட்டிக் கூட்டம் போட்டுவிட்டார். தீர்மானம் கவர்னருக்கே போகப்போகிறது. பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். துணிக்கடை முதலாளியின் மனைவி நகையைப் பறிகொடுத்தாள் என்றால் யார் கண் கலங்கும்? விதவை என்றால் கதையே வேறு.

"சங்கிலி உன்னுதுன்னுதான் பேசப்போறேன். லட்சுமி இரவலுக்குப் போட்டுக்கிட்டுப் போனா, அவ்வளவுதான்."

"என்னுதுதானே, அத்தான்?" என்றாள் பூவம்மா.

அவளுடையதுதான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அவள் அப்பா மகள் கல்யாணத்துக்குப் போட்டது. புருஷன் போன பத்தாம் நாள் அது லட்சுமி கழுத்துக்கு இடம் மாறியது. அறுத்தவளுக்கு நகை எதற்கு? அன்றிலிருந்து அந்தச் சங்கிலிக்குத்தான் தினமும் அவள் சோறு பரிமாறினாள். அதை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்ற ஒரே ஆசைதான் அவளுக்கு.

"ஆமா, ஆமா. அதையேதான் மேடையிலயும் சொல்லணும்" என்று வேலாயுதம் சிரித்தார்.

வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் நல்ல கூட்டம். வேலாயுதமும் நன்றாகத்தான் பேசினார். "இது என் தம்பியின் விதவை, அநாதரவான இந்தப் பெண்ணின் சங்கிலி! ஒரு பெண்ணின் கழுத்தில் கை வைக்கிறவன் மனிதனா?" என்று கேட்டபோது அவர் குரலே தழுதழுத்தது. தலைவர் மருதப்பன் தீர்மானத்தைப் படித்தார். பெண்ணின் நகையைப் பலவந்தமாகப் பறித்தால் பிரம்படி. இருட்டிய பிறகு பறித்தால் கூடுதல் அடி. ஐந்து பேர் கூடிப் பறித்தால் ஆயுள் தண்டனை. படித்து முடித்துவிட்டு, "அம்மா, நடந்ததை ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

பூவம்மா எழுந்தாள்.

"பொழுது சாஞ்சிருச்சுங்க. அஞ்சு பேரு இருந்தாங்க. ரெண்டு பேரு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. கத்தாம இருக்க ஒருத்தரு வாயப் பொத்துனாங்க. இழுத்த இழுப்புல கழுத்துல கீறல் விழுந்துச்சு."

"படுபாவிங்க! பிரம்படி பத்தாது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

பத்திரிகைக்காரர் பென்சிலை நிறுத்தினார். "கோர்ட்டுல ஒருத்தன்னுதானேம்மா சொன்னாங்க?"

"அது அக்கா கழுத்துலேருந்து பறிச்சது. நான் சொல்றது என் கழுத்துலேருந்து பறிச்சது. அவரு செத்த பத்தாம் நாளு, வீட்டுக்குள்ளயே. அக்காவும் சொந்தக்காரப் பொம்பளைங்க நாலு பேரும். வாசக்கதவ அத்தான்தான் சாத்துனாங்க."

முன்வரிசைப் பெரியவர்கள் பலர் வீட்டுப் பீரோவிலும் அப்படி வந்த நகை ஒன்றாவது இருந்தது.

மருதப்பன் தொண்டையைச் செருமினார். "அது... சம்பிரதாயம்மா."

"சம்பிரதாயத்துக்கு விலக்குன்னு நீங்க படிக்கலையேங்க" என்றாள் பூவம்மா, மரியாதையாகவே.

தலைவர் உடனே ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். முதல் கை பூவம்மாவுடையது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை எழுந்தன. முன்மொழிந்தவரே கையை மடியில் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? வேலாயுதமும் தூக்கினார். ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் பத்திரிகையில் தீர்மானம் முழுசாக வந்திருந்தது. 'விதவையின் சங்கிலி' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, வேலாயுதத்தின் பேச்சையும் படத்தோடு போட்டிருந்தார்கள். பூவம்மா பேசியதில் ஒரு வரி இல்லை. வழிப்பறி பொது விஷயம். மற்றது குடும்ப விஷயம் என்று விட்டுவிட்டார்கள் போலும்! வேலாயுதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை காலை அவர் கடை வாசலில் நின்றிருந்தபோது, பூவம்மா அந்தப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"எங்க கெளம்பிட்டே?"

"ஸ்டேஷனுக்கு, அத்தான். என் சங்கிலிய வாங்கியாரேன். என்னுதுன்னு நீங்க சொன்னது பேப்பர்லயே வந்துருக்கு லா. பொய்யின்னா இப்பவே சொல்லிடுங்க."

வேலாயுதம் வாயைத் திறந்தார். தீர்மானம் கொண்டுவந்த பெரிய மனிதரைப் பாராட்ட, சங்கத்து வியாபாரிகள் ரோஜா மாலையோடு அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்கள். பூவம்மா அவர்களுக்கு நடுவே புகுந்து நடந்தாள். வேலாயுதம் வாயை மூடிக்கொண்டு, மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.