ஆறு வரிச் சில்வண்டு

போன டிசம்பர் வரை எங்கள் வீட்டு ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஆட்டுக்காலுக்கும் நடுவே நாற்பத்தொரு சில்வண்டுகள் படுத்திருந்தன. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஹாம் என்கிற பன்றித் தொடையை வைக்க இடமில்லாமல் நான் கத்துவேன். "ஹாம் ஒரு வாரத்துல தீந்துடும் பெவ், இதுங்க ஆதாரம்" என்பான் என் கணவன் லாய்ட். யாரைத் தூக்கில் போட இந்த ஆதாரம் என்று கேட்டால் ஃப்ரீசர் கதவை மூடிவிட்டுப் போய்விடுவான். ஹாம் பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்குப் போகும். திரும்பி வரும்போது ஒரு துண்டு குறைந்திருக்கும்.

யாரையும் தூக்கில் போட அல்ல. ஒரு வண்டுக்குப் பெயர் வாங்க.

எங்கள் ஊரான ஹாலரன் கிரீக்கில் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன் லாய்ட். டிசம்பரில் வரும் எங்கள் கோடையில் பிள்ளைகள் ஜாம் புட்டியில் சில்வண்டைப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். இந்த நாட்டில் சில்வண்டுகளுக்குப் பெயர் வைத்ததே பிள்ளைகள்தான். காய்கறிக்காரன், மாவு ரொட்டிக்காரன், கறுப்பு இளவரசன், இரட்டை மேளக்காரன் என்று ஒரு சந்தையே மரத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊர்ப் பிரிகலோ மரங்களில் கத்தும் சின்னப் பச்சை வண்டுக்கு மட்டும் அவர்கள்கூடப் பெயர் வைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் இதே மாதிரி பெரிய பச்சை வண்டு உண்டு. எங்களுடையது அதன் சோனி வடிவம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

லாய்ட் விடவில்லை. ஆண் வண்டு கத்துவது வாயால் அல்ல, வயிற்றின் பக்கவாட்டில் இருக்கும் மேளத்தால். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த மேளத்தோலில் வரிகள் தெரியும். கடற்கரை வண்டுக்கு ஏழு வரி. எங்கள் ஊர் வண்டுக்கு ஆறு. "இது வேற இனம் பெவ்" என்று அவன் முதன்முதலில் சொன்னபோது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருஷம் ஆகிறது. அன்றைக்கே தோலோடு சேர்த்து அந்தப் பேச்சையும் குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

நகரத்து அருங்காட்சியகத்தில் சில்வண்டுகளுக்கென்றே ஒருவர் இருந்தார், டாக்டர் ரோசலிண்ட் டக்வொர்த். இரண்டும் ஒரே இனம்தான் என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே கட்டுரை எழுதியவர் அவர். அந்தத் தொழிலில் ஒருவர் அச்சில் சொல்லிவிட்டால், இன்னொருவர் மறுத்து நிரூபிக்கும் வரை அதுதான் சட்டம். லாய்ட் வரிக் கணக்கை எழுதி அனுப்பினான். "ஒரு வரி கூடுவதும் குறைவதும் சகஜம். ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்கே மூக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை" என்று பதில் வந்தது. சரி, நிறத்தைக் காட்டுவோம், நம்முடையது இன்னும் நல்ல பச்சை என்று நான்கு வண்டுகளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, ஸ்பிரிட் என்றால் தபாலில் வாங்கமாட்டார்கள் என்பதால் வெங்காய ஊறுகாய் என்று சொல்லி அனுப்பினான். ஸ்பிரிட்டில் பச்சை நிற்காது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர. "நீங்கள் அனுப்பிய பச்சை வண்டுகள் பழுப்பாக இருக்கின்றன" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றைக்குத்தான் என் ஃப்ரீசர் பறிபோனது.

கல்யாணத்துக்கு முன்பே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எழுபத்து நான்காம் வருஷம் ஊர்க் கண்காட்சியில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டைப் பை கத்த ஆரம்பித்தது. உள்ளே ஒரு வண்டு. முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தான். வாயைத் திறக்கும் முன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். காலியாக இருந்தது. சரி என்றேன்.

எங்கள் ஊர் வண்டு வருஷா வருஷம் வராது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மண்ணைவிட்டு வெளியே வந்து, மூன்று வாரம் கத்தி, முட்டையிட்டு, செத்துப்போகும். போன டிசம்பரில் வந்தது. லாய்டுக்கு எழுபத்து நான்கு. அடுத்த முறை அது வரும்போது எண்பத்தொன்று. டாக்டருக்கோ ஜூனில் ஓய்வு, அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு ஆள் போடப் போவதில்லை என்று கேள்வி. கடைசிச் சுற்றாக மேற்கே போகிறவர், வழியில் ஒரு நாள் ஹாலரன் கிரீக்கில் இறங்குகிறேன், வியாழக்கிழமை, நான்கு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று எழுதியிருந்தார். லாய்ட் முடி வெட்டிக்கொண்டான். அவன் முடி வெட்டிக்கொண்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை விடிந்தபோது வானம் சாம்பல் பூசியிருந்தது. வெயில் இல்லாவிட்டால் இந்த வண்டு மேளத்தைத் தொடாது. டாக்டர் பத்து மணிக்கு வந்தார். நெட்டையாக, வெளுத்த தொப்பியோடு, சிரித்த முகமாக இருந்தார். நான் கோபப்படத் தயாராக வைத்திருந்த ஆள் இவர் இல்லை.

"ரோஸ்னே கூப்பிடுங்க" என்றார்.

"சரிங்க டாக்டர்" என்றான் லாய்ட்.

பதினோரு மணிக்குத் தேநீர். பன்னிரண்டுக்கு உப்புக்கண்ட மாட்டிறைச்சியும் பீட்ரூட்டும் வைத்த சாண்ட்விச். இரண்டு மணிக்கு மறுபடி தேநீரும், தேங்காய்த் துருவல் ஒட்டிய லாமிங்டன் கேக்கும். லாய்ட் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

"உக்காருய்யா. நீ பார்த்தா மட்டும் வெயில் வந்துடுமா?" என்றேன்.

"பார்க்காட்டி வந்துடுமா?"

டாக்டர் மூன்றாவது லாமிங்டனை எடுத்தபடி சொன்னார்: "லாய்ட், உங்ககிட்ட ஒண்ணு நேராச் சொல்லிடறேன். உங்க நாப்பத்தொண்ணையும் பார்த்தேன். ஆறு வரிதான், மறுக்கல. ஆனா செத்த உடம்பை வெச்சு ரெண்டா பிரிக்க இது போதாது. உயிரோட இருக்கறப்போ ரெண்டும் வேற வேறயா நடந்துக்குதுன்னு பார்க்கணும். அதுக்குக் கத்தணும்."

"கத்தும் டாக்டர்."

"நாலு மணி வரைக்கும் இருக்கேன்."

மூன்று பத்துக்கு மேகம் கிழிந்தது. எங்கள் பின்வேலிக்கு அப்பால் உள்ள பிரிகலோ தோப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தது. நாங்கள் மூவரும் ஓடினோம். அறுபதைத் தாண்டியவர்கள் ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாமானால்.

டாக்டர் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தார். ஆண் வண்டு பாடும்போது பெண் வண்டு பாட்டு முடிந்ததும் சிறகை ஒரு சொடுக்குச் சொடுக்கும். நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். அந்தச் சொடுக்கைக் கேட்டு ஆண் பறந்து வரும். கடற்கரை வண்டின் சொடுக்குச் சத்தம் அவர் கைபேசியில் இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் சொடுக்கினார். ஒன்றும் வரவில்லை. பத்து தடவை, இருபது தடவை. தலைக்கு மேல் நூறு மாப்பிள்ளைகள் கத்தினார்கள், ஒருத்தனும் அசையவில்லை.

"வரலைங்கறதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது லாய்ட். பயந்திருக்கலாம், காத்தா இருக்கலாம். ஏதாவது ஒண்ணு வந்தாத்தான் பேச்சே" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

லாய்ட் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன். உள்ளே உடைந்து வெளியே பரவாயில்லை என்கிற ஆட்டம். எனக்கு அதைப் பார்த்தால் ஆகாது.

"நீங்க லேட்டாச் சொடுக்கறீங்க" என்றேன் டாக்டரிடம்.

இருவரும் திரும்பினார்கள்.

"பாட்டு முடிஞ்சப்புறம் இல்ல. நடுவுல ஒரு தடவை மூச்சு வாங்கறான் பாருங்க, அங்க." ஏப்ரன் பையிலிருந்து செடி வெட்டும் கத்திரியை எடுத்தேன். காலையில் ரோஜா நறுக்கியது அதிலேயே கிடந்தது. மேலே ஒருவன் ஆரம்பித்தான். நடுவில் மூச்சு வாங்கினான். கத்திரியை ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். கிளையிலிருந்து குதித்து என் முழங்கையில் வந்து உட்கார்ந்தான். அடுத்த சொடுக்குக்கு இன்னொருவன் டாக்டரின் தொப்பியில்.

லாய்ட் என் முழங்கையையும் கத்திரியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "எவ்ளோ வருஷமா பெவ்?"

"போன தடவை வந்தப்பவே. எலுமிச்சைக் கிளை வெட்டும்போதெல்லாம் வந்து வந்து ஒட்டுவானுங்க. ஒரே தொல்லை."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா எலுமிச்சை மரத்தடியில கூடாரம் போட்டுருப்ப. நீயும் கேக்கல."

டாக்டருக்கு எங்கள் சண்டை காதில் விழவில்லை. என் கத்திரியை வாங்கிக் கடற்கரைக் கணக்கில் சொடுக்கிப் பார்த்தார். எவனும் வரவில்லை. கைபேசியால் என் கணக்கில் சொடுக்கினார். இரண்டு பேர் வந்து கைபேசியையே கட்டிப்பிடித்தார்கள். மறுபடி மாற்றினார், மறுபடி அதேதான். பிறகு தரையில், புழுதியில், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கடற்கரைப் பொண்ணு இங்க வந்தா இவன் திரும்பிக்கூட பார்க்கமாட்டான். இவன் அங்க போனாலும் அவ பேசமாட்டா. ரெண்டு இனம்தான்" என்றார். "இருபத்திரண்டு வருஷமா நான் செத்ததுங்களையே பார்த்துட்டிருந்திருக்கேன் லாய்ட். தப்பு என்னுது. அதை நானே எழுதறேன்."

லாய்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

ஆனால் வேலை முடியவில்லை. புது இனம் என்று அறிவிக்க ஒரே ஒரு உடம்பு வேண்டும். சிவப்புச் சீட்டு கட்டி அருங்காட்சியகத்தில் என்றைக்கும் வைத்திருக்கும் உடம்பு. பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இனத்தைப் பிரிப்பதே பாட்டுதான் என்பதால், பதிவான பாட்டும் வைக்கிற உடம்பும் ஒரே வண்டினுடையதாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஃப்ரீசரில் இருந்த நாற்பத்தொன்றும் ஊமைகள். மேற்கே மேகம் மறுபடி திரண்டுகொண்டிருந்தது.

தாழ்ந்த கிளையில் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். இடது சிறகின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். டாக்டர் அவன் பாட்டை முழுசாகப் பதிவு செய்துவிட்டு என்னைப் பார்த்தார். சொடுக்கினேன். நேராக என் உள்ளங்கைக்கு வந்தான். விரல்களை மூடினேன். டாக்டர் வண்டைக் கொல்லும் போத்தலைத் திறந்து நீட்டினார். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வந்தது.

கைக்குள் அவன் இன்னும் பாடிக்கொண்டிருந்தான். பெண் கூப்பிட்டாள் என்று நம்பி வந்தவன். ஏழு வருஷம் மண்ணுக்குள் கிடந்து, நான்கு நாள் வெயில் பார்த்து, ஒரு கத்திரியிடம் ஏமாந்தவன். நாற்பத்தொரு பிணத்தோடு குடும்பம் நடத்தியவள்தான், ஆனால் ஒன்றைக்கூட நான் கூப்பிட்டு வரவழைக்கவில்லை. கையை விரித்துவிட்டேன். பறந்து போனான்.

வெயிலின் ஓரம் தோப்பை விட்டு நகரத் தொடங்கியிருந்தது. லாய்ட் திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி நிம்மதியாகியிருப்பேன்.

"பரவால்ல பெவ்" என்றான். "வா, டீ குடிக்கலாம்."

பதினான்கு வருஷத்தை அப்படி ஒரு டீயில் கரைக்கிறவனை என்ன செய்வது. எனக்கு ஆத்திரமாக வந்தது, அவன்மேல், என்மேல், அந்தப் போத்தல்மேல். மேலே எவனோ ஒருவன் பாட ஆரம்பித்தான். நடுவில் மூச்சு வாங்கினான். பார்க்காமலே கத்திரியைச் சொடுக்கினேன்.

உள்ளங்கையில் வந்து விழுந்தான். இடது சிறகில் கிழிசல்.

"அதே ஆளு" என்று முணுமுணுத்தார் டாக்டர். கருவி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"ஒரு தடவைதான்டா விடுவேன்" என்று அவனிடம் சொன்னேன். போத்தலில் விட்டு நானே மூடியைத் திருகினேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன், சத்தமில்லாமல். ஒரு நிமிஷத்தில் மேகம் மூடியது, தோப்பு ஓய்ந்தது.

டாக்டர் நான்கு மணிக்குக் கிளம்பவில்லை. ஐந்தரைக்கும் எங்கள் சமையலறையில்தான் இருந்தார். நாற்பத்தொன்றும் சாட்சிக்கு வேண்டும் என்று தம் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டார். காலியான ஃப்ரீசரைத் திறந்து வைத்து நான் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கட்டுரையில உங்க பேர் முதல்ல, என் பேர் ரெண்டாவது" என்றார் லாய்டிடம். "வண்டுக்குப் பேரும் நீங்கதான் வைக்கணும். தன் பேரைத் தானே வெச்சுக்கறது மட்டும் எங்க பக்கம் வழக்கமில்ல. யோசிச்சு எழுதுங்க, அவசரமில்ல."

"யோசிச்சாச்சு டாக்டர். திரும்பி வந்தவன். அதுக்கு லத்தீன்ல ஏதாவது இருக்குமில்ல?"

"இருக்கு." டாக்டர் பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "நான் இல்லைன்னு அடிச்ச இனம் திரும்ப வந்துதுன்னு என்னைக் குத்திக் காட்டறீங்களா?"

"சேச்சே" என்றான் லாய்ட்.

அவரைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் கை மட்டும், நான் நின்ற பக்கமாக, சட்டைப் பையை மெல்ல வெளியே இழுத்துக் காட்டியது. காலியாக இருந்தது.

ஹாம் எடுத்துவருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கதவைத் தட்டினேன். ஹாமில் ஒரு துண்டு குறைந்திருந்தது. அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை.