ஒரே பெஞ்சில் அப்பாவும் மகளும்

பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார்கள். இந்த அப்பாவுக்கு அது சரிப்படவில்லை. மகள் சேர்ந்த மாலை நேரக் கல்லூரியில், மகள் எடுத்த அதே எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்து, மகளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். வகுப்பில் அவருக்கு வைத்த பெயர் விசில். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

மகளுக்கு மெல்லிய குரல். பக்கத்தில் இருப்பவர் காதுக்கு மட்டும்தான் எட்டும். பக்கத்தில் இருப்பவரோ எப்போதும் அப்பா. பேருந்தின் பின்சீட்டில் ஓர் அம்மாள் ஏதாவது முணுமுணுத்தால் அதை ஓட்டுநரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நடத்துநர் வேலை இல்லையா? வேலை போன பிறகும் பழக்கம் போகவில்லை. பேராசிரியை ஏதாவது கேட்பார், மகள் முணுமுணுப்பாள், உடனே இவர் எழுந்து, “மேடம், பாப்பா என்ன சொல்லுதுன்னா...” என்று ஆரம்பித்துவிடுவார். பாப்பா சொன்னது ஒரு வரிதான் இருக்கும். இவர் சொந்தச் சரக்கையும் சேர்த்து ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டு உட்காருவார். மகள் தலையைக் குனிந்துகொள்வாள். நன்றாகச் சொல்லிவிட்டோம், பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை என்று இவர் நினைத்துக்கொள்வார்.

அந்தப் பருவத்தில், தற்கால அமெரிக்க இலக்கியத்தில் விளிம்புநிலைக் குரல்கள் என்று ஒரு தாள். கறுப்பின மக்கள், பூர்வகுடிகள், பிழைக்க வந்தவர்கள் எழுதிய கதைகள். விசிலுக்கு அந்தத் தாள் என்றால் உயிர்.

“பேச விடாம வாயை அடைச்சாங்களே, அவங்களைப் பத்தின பாடம் இது. சும்மா படிச்சிட்டுப் போக முடியுமா?” என்று வீட்டில் முழங்குவார். மகள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் இவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பார்.

ஒருநாள் பேராசிரியை அவரைத் தனியாக அழைத்தார்.

“சார், உங்க பொண்ணு இதுவரைக்கும் தானா வாயைத் திறந்து பேசினதில்ல. செமினார்ல தனியா பேசலன்னா என்னால மார்க் போட முடியாது. நீங்க பாஸ் பண்ணிப் போயிடுவீங்க. அவங்க அடுத்த வருஷமும் இதே தாளை எழுதணும்.”

“நான் பக்கத்துல நின்னா தைரியமா பேசிடும் மேடம்.”

“பக்கத்துல வேண்டாம் சார். கடைசி பெஞ்சு.”

எத்தனையோ பேரை இடம் மாற்றி உட்காரவைத்த மனிதர், தலையாட்டிவிட்டு வந்தார். தான் தேறி மகள் தவறினால் அந்தச் சான்றிதழை எந்த முகத்தோடு வாங்குவது? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மகள் பேச எடுத்துக்கொண்டது ஒரு நாவல். எல்லை தாண்டி வந்து, ஆப்பிள் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஓர் அப்பா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போகும் இடமெல்லாம் அவருடைய சின்னப் பெண்தான் அவருக்காகப் பேசுவாள். கேட்கப்படாத குரல் அந்த அப்பாவின் குரல்தான் என்று விசில் முந்தைய வாரமே ஒரு வகுப்பு முழுக்கப் பேசித் தீர்த்திருந்தார்.

மகள் முன்னால் போய் நின்றாள். முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. “சத்தமா, சத்தமா” என்று ஒரு பையன் சொன்னான். கடைசி பெஞ்சில் இருந்த விசில் தன்னை அறியாமல் எழுந்துவிட்டார்.

“மேடம், பாப்பா என்ன சொல்லுதுன்னா...”

“அப்பா, உட்காருங்க. நானே சொல்றேன்.”

அது எல்லாருக்கும் கேட்டது. அவர் உட்கார்ந்தார்.

“அந்த அப்பாவோட குரலைத்தான் யாரும் கேக்கலன்னு எல்லாரும் சொன்னோம். எனக்கு அப்படித் தோணல. அந்தப் பொண்ணு நாவல் பூரா பேசிட்டே இருக்கா. முதலாளிகிட்ட, டாக்டர்கிட்ட, போலீஸ்கிட்ட. ஒண்ணுகூட அவளோட பேச்சு இல்ல. அப்பான்னா அவளுக்கு உயிர், அதனால சந்தோஷமாத்தான் செய்றா. ஆனா உனக்கு என்ன வேணும்னு அவளை ஒருத்தரும் கேக்கல. அப்பாவும் கேக்கல. அவர் ரொம்ப நல்லவர். கேக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல, அவ்வளவுதான்.”

இன்னும் நிறையப் பேசினாள். விசிலின் மனம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, நானும் வரட்டுமா என்று பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்ட ஞாபகம் இல்லை. சேர்ந்துவிட்டு, இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து சொன்னதுதான் ஞாபகம். இவளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்? வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, இப்படி ஒரு பெண்ணைப் பெற்றோமே என்று நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். மகளைப் பற்றிய சேதி எதுவானாலும் அவர் வாய்வழியாக வருவதுதான் அந்த வீட்டு வழக்கம்.

“ஏங்க, பாப்பா எப்படிப் பேசினா?”

எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏற்ற இறக்கத்தோடு சொல்லியிருப்பார்.

“அவகிட்டயே கேளேன்” என்றார்.

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வரி யாருக்கும் கேட்காததை, அந்தப் பையன் கத்தியதை, அப்பாவை உட்காரச் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். முடித்தவுடன் முதலில் கைதட்டியது பேராசிரியைதான் என்றாள்.

முதலில் தட்டியது கடைசி பெஞ்சு. விசில் வாயைத் திறந்தார். மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வந்ததை அப்படியே மென்று விழுங்கிவிட்டு, “ம், அப்புறம்?” என்று மட்டும் கேட்டார்.